மழைக்காலத்தில் பார்த்து வாங்கிய வீடு

எந்தக் காரியத்தையும் அல்லாஹ்வின் பெயரைச் சொல்லித் தொடங்க வேண்டும் என்று என் பிள்ளைகளுக்கு ஆயிரம் தடவை சொல்லியிருப்பேன். அந்த வீட்டை வாங்கும்போது மட்டும் என் ஆசை முந்திக்கொண்டது போலிருக்கிறது. ஒரு நோன்பு மாதத்தில், சொந்த வீட்டு முற்றத்தில், தொழுகைக்குக் கைகால் கழுவி ஒழுச் செய்ய ஒரு செம்புத் தண்ணீர் இல்லாமல் நின்றேன். அந்த நிலையிலிருந்து அல்லாஹ் என்னை எப்படிக் காப்பாற்றினான் என்பதைத்தான் உங்களுக்குச் சொல்லப்போகிறேன். சகோதரிகளே, பொறுமையாகக் கேளுங்கள். கொஞ்சம் அழுகை வரும். சில இடங்களில் என்னைப் பார்த்துச் சிரித்தாலும் நான் கோபப்பட மாட்டேன்.

நான் இலங்கையின் கிழக்குக் கரைக் கல்முனைக்குடிக்காரி. நம்முடைய கரையோர ஊர்களில் மணலை எங்கே தோண்டினாலும் தண்ணீர் வரும். கிணறு இறக்குகிற ஆள் காலையில் வந்தால், பகல் சோற்றுக்கு முன்னர் இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு அடுத்த கொங்கிறீட் வளையத்தை இறக்கச் சொல்லுவார். அதனால் நம் ஊரில் வீடு பார்க்கப் போகிறவர்கள் தண்ணீரைப் பற்றிக் கேட்பதே இல்லை. அந்த வீட்டில் காற்று இருக்கிறதா என்று யாராவது கேட்பார்களா? அது மாதிரித்தான் இதுவும்.

நம் ஊரில் இல்லாதது காணி. பக்கத்து வீட்டில் இஞ்சி இடித்தால் எங்கள் சுவர் அதிரும். நம் வழக்கமும் உங்களுக்குத் தெரியும். பெண்ணுக்கு வீடு கொடுத்துத்தான் கல்யாணம், மாப்பிள்ளை பெண்ணின் வீட்டுக்கு வந்து இருப்பார். என் உம்மா எனக்குத் தந்த வீட்டுக்குத்தான் என் கணவரும் வந்தார். அல்லாஹ் எங்களுக்கு இரண்டு பெண் பிள்ளைகளைத் தந்தான். மூத்தவள் சஹ்லா, இளையவள் நுஸ்ரா. ஒரு சிறிய வீட்டை வைத்துக்கொண்டு இரண்டு பேருக்கும் எப்படி வீடு கொடுப்பது? அதை நினைத்தாலே எனக்குச் சோறு இறங்காது.

என் கணவர் பிடவை வியாபாரி. குருநாகல் பக்கத்துக் கிராமங்களில் வாராந்தச் சந்தைகளுக்குத் துணி கொண்டுபோய் விற்பார். மாதத்தில் பாதி நாள் அங்கேதான். ஒருநாள் வந்து சாரனைக்கூட மாற்றாமல் என் முன்னால் உட்கார்ந்தார்.

"இஞ்ச பாருங்க, அங்க ஒரு ஹாஜியார் காணியோட ஊட்ட விக்கிறார். தென்ன இரிக்கி, பலா இரிக்கி. நம்மட இந்த ஊட்ட வித்தாக் காணும். ரெண்டு புள்ளைக்கும் அந்தக் காணிக்குள்ளேயே ஊடு கட்டிக் குடுக்கலாம்."

இரண்டு பிள்ளைக்கும் வீடு என்ற சொல்லில் நான் விழுந்துவிட்டேன். எழும்ப நெடுநாள் ஆயிற்று.

மார்கழி மழை பெய்துகொண்டிருந்த நேரத்தில் வீட்டைப் பார்க்கப் போனோம். அது முஸ்லிம் கிராமத்தின் கடைசி வீடு. அதற்குப் பின்னால் சரிவு, அதன் கீழே வயல், வயலோரத்தில் சிங்கள மக்களின் வீடுகள். ஹாஜியார் நல்ல மனிதர். மகனோடு இருக்க வெளிநாட்டுக்குப் போகப் போகிறார், அதனால்தான் விற்கிறார். தேத்தண்ணீர் தந்தார், பலாப்பழம் வெட்டித் தந்தார். நான் குசினியைப் பார்த்தேன், அறைகளைப் பார்த்தேன், தொழுவதற்குக் கிப்லா எந்தப் பக்கம் என்று கேட்டேன், பள்ளிவாசல் எவ்வளவு தூரம் என்று கேட்டேன். காணி உறுதிப் பத்திரத்தில் பிழை இல்லையா என்று என் கணவர் சட்டத்தரணியிடம் காட்டிப் பார்த்தார். முற்றத்துக் கிணறு நிரம்பி நின்றது. நான் குனிந்து அதில் முகத்தைப் பார்த்து, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு வந்தேன். கிணற்றோடு என் விசாரணை அவ்வளவுதான்.

உம்மாவின் வீட்டை விற்கப்போகிறேன் என்றதும் என் ராத்தா, என் மூத்த சகோதரி, ஆடிப்போனா.

"உனக்கென்ன விசராகா? பொம்பிளைக்கு ஊடுதான் முதுகெலும்பு. அத வித்துட்டுத் தெரியாத ஊருக்குப் போறயா? நாளைக்கி ஒண்டு நடந்தா எங்க வந்து நிப்பாய்?"

"நம்மட மாகாணத்த உட்டுப் போனா என்ன ராத்தா? அங்கேயும் அல்லாட பூமிதானே" என்றேன். வாய் மட்டும் எனக்கு எப்போதும் குறைவில்லை. நாங்கள் சாமான் ஏற்றிய நாளில் ராத்தா வழியனுப்ப வரவில்லை.

புது வீட்டுக்குப் போன கிழமையே தகரம் அடித்தோம். நம் ஊரில் காணி வாங்கினால் முதலில் மதில், பிறகுதான் அடுப்பு. வயதுக்கு வந்த பெண் பிள்ளைகள் இருக்கிற வீடு. முற்றத்தில் முக்காடு இல்லாமல் இரண்டு எட்டு நடக்க வேண்டாமா? மதில் கட்ட வசதி வரும்போது கட்டலாம், இப்போதைக்குத் தகரம் என்று சுற்றிவர உயர அடித்தோம். போன சில வருடங்களில் நாட்டில் முஸ்லிம்களுக்கு நடந்தவற்றால் எங்களுக்கு ஒரு பயமும் இருந்தது, அதையும் மறைக்கத் தேவையில்லை. காணியின் பின்பக்கத்துக் கிளுவை வேலியில் ஓர் ஆள் நுழையும் அளவுக்கு ஒரு கடப்பு இருந்தது. தகரம் அடித்தவர் அந்த இடத்தில் நின்று, இதையும் அடைக்கவா என்று கையைக் காட்டிக் கேட்டார். மாடு புகுகிற இடம் என்று நினைத்துக்கொண்டு, அதைத்தான் முதலில் அடைக்க வேண்டும் என்று என் கணவர் சொன்னார்.

அப்போது வேலிக்கு அந்தப் பக்கத்தில் ஒரு சிங்களப் பெண் இடுப்பில் வாளியோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். என் வயதுதான் இருக்கும். நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. தகரம் ஏற ஏற அவள் முகம் மறைந்தது. "பாத்தீங்களா உம்மா, மூஞ்சத் திருப்பிக்கிட்டுப் போறா" என்று சஹ்லா சொன்னாள். நானும் ஓம் என்று தலையாட்டினேன்.

ஜனவரி முடியும்போது கிணற்றுக் கயிற்றை இரண்டு தடவை நீட்டிக் கட்டினோம். பெப்ரவரியில் வாளி அடியில் தட்டியது. பிறகு வாளியில் சேறு வந்தது. பிறகு அதுவும் வரவில்லை. கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தால் கீழே கரும்பாறை தெரிந்தது. கிணறு வற்றும் என்பதை நான் அதற்கு முன் கண்ணால் கண்டதில்லை. மணல் ஊரில் பிறந்தவளுக்குப் பாறை என்றால் என்ன தெரியும்?

டவுனிலிருந்து பவுசர் லொறியில் தண்ணீர் எடுத்தோம். பீப்பாய்களில் நிரப்பி மூடி வைத்தோம். சோறு வடித்த கஞ்சியைக் குடித்தோம், அரிசி கழுவிய தண்ணீரில் சட்டி கழுவினோம், சட்டி கழுவியதை மிளகாய்க் கன்றுக்கு ஊற்றினோம். சஹ்லாவின் நீண்ட முடி சிக்குப்பிடித்துப்போய், கத்தரிக்கோலைக் கொண்டுவந்து என்னிடம் நீட்டி, "வெட்டி உடுங்க உம்மா" என்றாள். வெட்டினேன். வெட்டிய முடியைக் கையில் வைத்துக்கொண்டு அறைக்குள் போய் அழுதேன்.

என் கணவர் யாரிடமும் சொல்ல விடவில்லை. அவருக்கு ரோசம் அதிகம்.

"பள்ளிவாசல்ல போய்ச் சொல்லுறதா? கல்முனையில இருந்து வந்தவன் தண்ணி பாக்காம ஊடு வாங்கியிரிக்கான் எண்டு சிரிப்பானுகள். ஹாஜியார் நம்மள நல்லா ஏமாத்திட்டார். அவர்ட போனும் வேல செய்யுதில்ல" என்றார்.

குழாய்க் கிணறு அடித்தால் விடிந்துவிடும் என்று யாரோ சந்தையில் சொல்லியிருக்கிறார்கள். பெரிய இயந்திரத்தைக் கொண்டுவந்து முற்றத்தில் நிறுத்தினார்கள். நாங்கள் நான்கு பேரும் வாசலில் உட்கார்ந்து ஸலவாத்து ஓதினோம். இயந்திரம் பகல் முழுவதும் கத்தியது. வெள்ளைக் கல் தூள் புகையாக எழும்பி மாமர இலைகளில், கூரையில், எங்கள் கண்ணிமையில் எல்லாம் படிந்தது. தண்ணீர் வரவே இல்லை. கடைசியில் அந்த ஆட்கள் குழாய்களைக் கழற்றி ஏற்றிக்கொண்டு போனார்கள். என் கணவர் அந்தக் கல் தூளின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். கலியாணம் முடித்த நாளிலிருந்து அவர் அழுது நான் கண்டதில்லை. அன்றைக்குக் கண்டேன்.

விற்றுவிட்டுப் போவோம் என்று முடிவு செய்தோம். கேள்விப்பட்டு, அந்தப் பகுதியைச் சேர்ந்த ஒருவர் மனைவியோடு பார்க்க வந்தார். நான் வீட்டைக் கூட்டித் துடைத்து, அறைக் கதவுகளை எல்லாம் திறந்து வைத்திருந்தேன். அவர்கள் வீட்டுக்குள் வரவே இல்லை. வாசல் படலையைத் தாண்டியதும் நேரே கிணற்றடிக்குப் போனார்கள். அந்த மனிதர் ஒரு கல்லை எடுத்து உள்ளே போட்டார். டக்கென்று சத்தம் வந்தது. மனைவியின் முகத்தைப் பார்த்தார். இருவரும் எங்களுக்கு வணக்கம் சொல்லிவிட்டு வந்த வழியே போய்விட்டார்கள். வீடு வாங்கப் போகிறவர்கள் என்ன செய்ய வேண்டும் என்பதை அன்றைக்குத்தான் கண்ணால் படித்தேன். படித்து என்ன பயன்? என் உம்மாவின் வீட்டில் வேறு குடும்பம் இருந்தது. இந்த வீட்டை வாங்க ஒருவரும் இல்லை.

ராத்தாவுக்குப் போன் எடுத்தேன். என் குரலைக் கேட்டதும் அவவின் கோபம் எல்லாம் போய்விட்டது.

"வாகா புள்ள, திரும்பி வா" என்று அழுதா. பிறகு, "வந்து எங்க இரிப்பீங்க எண்டுதான் எனக்கும் தெரியல்ல. என்ட ஊட்ட மகளுக்கு எழுதிட்டன். மருமகன் இரிக்கார்" என்றா.

ராத்தாவில் ஒரு பிழையும் இல்லை. ஊர் வழக்கம் அதுதான். ஆனால் அந்த இரவு நான் தூங்கவில்லை. உம்மா தந்த வீட்டை விற்ற பெண்ணுக்குப் பிறந்த ஊரில் பாய் போட ஓர் இடம் இல்லை. வாங்கிய ஊரில் குடிக்கத் தண்ணீர் இல்லை. என் இரண்டு பெண் பிள்ளைகளுக்கும் நான் எதைக் கொடுக்கப் போகிறேன்? ஒரு வற்றின கிணற்றையா?

அப்படி இருக்கும்போது நோன்பு பிறந்தது.

நோன்பு என்றால் எனக்கு உயிர். கஞ்சி காய்ச்சி அயலுக்கெல்லாம் பகிர்வதும், இரவில் தராவீஹ் தொழுகைக்குப் போவதும்தான் எனக்குப் பெருநாள். அந்த முறை பிறை கண்ட செய்தி கேட்டதும் என் மனதில் ஒரு சந்தோசமும் வரவில்லை. எத்தனை வாளி தேவைப்படும் என்றுதான் முதலில் நினைத்தேன். அல்லாஹ் என்னை மன்னிக்கட்டும்.

பவுசர்காரர் ஒருநாள் வந்தால் மூன்று நாள் வரமாட்டார். எல்லா இடத்திலும் வறட்சி, அவர் யாருக்கென்று கொடுப்பார்? இருந்ததைக் குடிப்பதற்கு வைத்துக்கொண்டு நானும் பிள்ளைகளும் தண்ணீருக்குப் பதிலாக மண்ணைத் தொட்டுத் தயம்மும் செய்து தொழுதோம். சிறு வயதில் மத்ரஸாவில் தயம்மும் பாடத்தை ஓதும்போது, இது அரபு நாட்டுப் பாலைவனத்துக்காரருக்கு உள்ள சட்டம், நமக்கு எதற்கு என்று கூட்டாளிகளோடு சிரித்திருக்கிறேன். இப்போது சொந்தக் காணியின் புழுதியில் கையை அடித்து முகத்தைத் தடவிக்கொண்டு நின்றேன். ஹாஜரா அம்மையார் மக்காவின் பாலைவனத்தில் தன் பிள்ளையின் தாகத்துக்குத் தண்ணீர் தேடி மலைக்கு மலை ஓடினார்கள். நான் ஓடக்கூட இல்லை. ஒரே இடத்தில் குந்தியிருந்து அழுதேன்.

துஆவிலும் எனக்கு நம்பிக்கை குறைந்துகொண்டு வந்தது. கையை உயர்த்துவேன், சொல் வராது. நான் கேட்பதெல்லாம் கூரையில் முட்டிக்கொண்டு திரும்பி வருவதாகத் தோன்றியது. என் கணவர் ஒருநாள் விடியுமுன் சஹர் சாப்பாட்டுக்கு எழும்பி, "பெருநாள் முடிய நான் வெளிநாட்டுக்குப் போறன். நீங்க மூணு பேரும் ஊரில வாடகைக்கு ஒரு அறை பாத்து இரிங்க" என்றார். நான் கேட்டுக்கொண்டே சாப்பிட்ட தட்டுகளை அடுக்கினேன். அந்த அளவுக்கு மனம் செத்துப்போயிருந்தது.

அதற்குப் பிறகு ஒரு நாள் பின்னேரம், அஸர் தொழுகைக்குப் பின். என் கணவர் சந்தைக்குப் போயிருந்தார். பவுசர் வருகிறேன் என்று சொல்லி வரவில்லை. பீப்பாய்களைச் சரித்துப் பார்த்தோம். எல்லாவற்றிலும் சேர்த்து ஒரு ஜக் தேறியது. நோன்பு திறக்க அதுதான். கஞ்சிக்குக் கழுவ வேண்டிய அரிசி அப்படியே சுளகில் கிடந்தது. நுஸ்ராவுக்கு உதடு வெடித்திருந்தது. சின்னப் பிள்ளை, நோன்பை விட்டுவிடு என்றால் கேட்கமாட்டாள். அவள் அந்த ஜக்கைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"உம்மா, எனக்கு ரெண்டு மிடறு காணும். மிச்சத்த வாப்பாக்கு வைங்க. அவர் வெயில்ல வருவார்" என்றாள்.

என்னால் தாங்க முடியவில்லை. பிள்ளைகள் பார்க்கக்கூடாது என்று காணியின் பின்பக்கம் போனேன். தகர வேலியின் அடியில், தென்னை மரத்தோடு சாய்ந்துகொண்டு இருந்தேன். நோன்பாளியின் துஆ தட்டப்படாத நேரம் என்று சொல்லுவார்கள். எனக்கு அதெல்லாம் அப்போது நினைவில்லை. கையை ஏந்தவும் இல்லை. மடியில் கை கிடந்தது. வாய்விட்டு, ஊர் கேட்க அழுதேன்.

"யா அல்லாஹ், தண்ணி தா. ஒரு வாளி தண்ணி தா. உன்ட பூமியில எனக்கு ஒரு கிணறு இல்லையா? என்ட புள்ளைகளுக்குத் தண்ணி தா, யா ரப்பே. தண்ணி..."

எவ்வளவு நேரம் அப்படிக் கத்தினேன் என்று தெரியாது. தகரத்தில் யாரோ தட்டினார்கள்.

முக்காட்டை இழுத்துக்கொண்டு எழும்பினேன். மறுபடியும் தட்டினார்கள். பிறகு ஒரு பெண்ணின் குரல், சிங்கள மரியாதையில் நோனா என்று கூப்பிட்டு, உடைந்த தமிழில்.

"நோனா... ஏன் நோனா அழுற? தண்ணி இல்ல?"

"இல்ல" என்றேன்.

"ஐயோ! எங்கட லிந்த இருக்குதானே!"

லிந்த என்றால் சிங்களத்தில் கிணறு. அந்தச் சொல் மட்டும் எனக்குத் தெரியும். ஆனாலும் விளங்கவில்லை.

"உங்கட கிணறா? அது உங்கட ஊட்டுக் கிணறுதானே?" என்று தகரத்தைப் பார்த்துக் கேட்டேன்.

"எல்லாருக்கும்தான் நோனா. வயல் பக்கம் லிந்த, வத்தாது. ஹாஜியார் ஆளுங்க வெயில் காலம் எல்லாம் இங்கதான் குடிச்ச, இங்கதான் குளிச்ச. இந்த இடத்தால வாற. நீங்க வந்த, பாத மூடின." கொஞ்சம் நிறுத்தினாள். "நாங்க நெனச்ச, நீங்களுக்கு எங்கட தண்ணி வேணாம் எண்டு. பவுசர் எல்லாம் வருதுதானே, பெரிய ஆளுங்க எண்டு."

நான் அந்தத் தகரத்தில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றேன். வெயிலில் அது கொதித்தது. எனக்குச் சுடவில்லை. மாடு புகுகிற இடம் என்று நாங்கள் முதலில் அடைத்தோமே ஒரு கடப்பு, அந்த வழியால்தான் இந்த வீட்டுக்காரர்கள் காலம் காலமாகத் தண்ணீருக்குப் போய் வந்திருக்கிறார்கள். வாளியோடு நின்று பார்த்த பெண் எங்களை வெறுத்துப் பார்க்கவில்லை. நாங்கள்தான் தன்னை வெறுக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு போயிருக்கிறாள். ஹாஜியார் ஏமாற்றவும் இல்லை. அவருக்குத் தண்ணீர்க் கஷ்டமே இருந்ததில்லை, பிறகு எதை எங்களிடம் சொல்லுவார்? நாங்கள் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். கேட்க வேண்டும் என்றுதான் எங்களுக்குத் தெரியாதே.

"சஹ்லா!" என்று கத்தினேன். "அலவாங்கக் கொண்டு வா மகள், சுறுக்கா!"

சஹ்லா இரும்பு அலவாங்கோடு ஓடிவந்தாள். விசயத்தைச் சொன்னதும் ஆணிகளுக்கு அடியில் அதைச் செருகி நெம்பத் தொடங்கினாள். நான் தகரத்தைப் பிடித்து இழுத்தேன், அந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பெண் தள்ளினாள். கை கிழிந்தது, கவனிக்கவில்லை. ஒரு தகரம் கழன்று விழுந்தது. அன்றைக்கு வாளியோடு நின்ற அதே பெண், குசுமா, நின்றாள். அதுதான் அவள் பெயர், பிறகு தெரிந்துகொண்டேன். அவளுடைய சட்டை முழுவதும் துரு. இந்த முறை சிரித்தாள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை, அவளைக் கட்டிப்பிடித்து அழுதேன்.

அவள் எங்களைக் கீழே வரச் சொல்லவில்லை. நோன்பு நேரம் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. தானே ஓடிப்போய் ஒரு வாளி தண்ணீரோடு ஏறி வந்தாள். அந்த நேரத்தில் பள்ளியில் அந்திநேர மஃரிபுக்குப் பாங்கு சொல்லத் தொடங்கினார்கள். நுஸ்ரா வாசலிலிருந்து ஜக்கையும் பேரீச்சம்பழத்தையும் தூக்கிக்கொண்டு வந்தாள். ஜக்கை ஒருவரும் தொடவில்லை. குசுமா கொண்டுவந்த வாளியில்தான் அன்றைக்கு நோன்பு திறந்தோம். நுஸ்ரா குடித்துக்கொண்டே இருந்தாள். போதும் மகள், வயிறு வலிக்கும் என்று நான் சொல்ல வேண்டியதாயிற்று. அந்தச் சொல்லைச் சொல்லும்போது எனக்கு வந்த சந்தோசத்தை எழுத எனக்குத் தெரியவில்லை. அல்ஹம்துலில்லாஹ்.

என் கணவர் வந்தபோது நாங்கள் மூன்று பேரும் ஈரத் தலையோடு இருந்தோம். என்ன நடந்தது என்று அவருக்கு விளங்க நேரம் எடுத்தது. கழற்றின தகரத்தையும் கீழே போகிற பாதையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, "ஹாஜியார நான் எவ்வளவு ஏசிட்டன். அஸ்தக்ஃபிருல்லாஹ்" என்று சொல்லிவிட்டு, வாளியோடு கீழே போனார். நெடுநாளைக்குப் பிறகு நிறைவாக ஒழுச் செய்துகொண்டு வந்து இஷாத் தொழுதார். வெளிநாட்டுக்குப் போகிற கதையை அவர் பிறகு எடுக்கவே இல்லை.

இது நடந்து சில வருடங்கள் போய்விட்டன. நாங்கள் அதே வீட்டில்தான் இருக்கிறோம். தகரம் மற்ற மூன்று பக்கமும் இருக்கிறது. பின்பக்கம் கடப்பு திறந்தபடிதான். கோடை தொடங்குமுன் குசுமாவின் வீட்டுக்காரரும் என் கணவரும் கிணற்றில் இறங்கிச் சேறு வாருவார்கள். நான் சிங்களம் பேசுவதைக் கேட்டால் குசுமா விழுந்து விழுந்து சிரிப்பாள், நானும் அவளுடைய தமிழுக்குச் சிரித்துக் கணக்கைத் தீர்த்துவிடுவேன். மூத்தவளுக்குக் காணியின் ஒரு பக்கத்தில் அத்திவாரம் போட்டிருக்கிறோம். கொத்தனார் வந்தபோது நான் அவருக்கு முதலில் காட்டியது தண்ணீர்ப் பாதையைத்தான், அதில் ஒரு கல்லும் வைக்கக்கூடாது என்று சொல்லிவிட்டேன்.

அந்தக் கிணற்றில் எங்களுக்கு எழுத்தில் ஓர் உரிமையும் இல்லை. எங்கள் உறுதியில் அதைப் பற்றி ஒரு வரி கிடையாது. குசுமா நினைத்தால் நாளைக்கே வரவேண்டாம் என்று சொல்லலாம். முன்பென்றால் இதை நினைத்து எனக்குத் தூக்கம் வராது. இப்போது கோடையில் ஒவ்வொரு நாளும் காலையில் வாளியை எடுக்கும்போது, இன்றைக்கும் தா ரப்பே என்று கேட்டுக்கொண்டு போகிறேன். ஒவ்வொரு நாளும் தருகிறான். வீட்டுக்கு வீடு கிணறு இருந்த ஊரில் நான் தண்ணீருக்காக ஒருநாளும் அவனிடம் கேட்டதில்லை, நன்றி சொன்னதும் இல்லை.

நம் ஊர்களில் காணி நெருக்கம் கூடிக்கொண்டே போகிறது. வேறு மாகாணத்தில் வீடு வாங்கலாமா என்று என்னிடம் கேட்கிறவர்கள் பலர். வாங்குங்கள், அங்கேயும் அல்லாஹ்வின் பூமிதான். ஆனால் மழையில் பார்த்து மயங்க வேண்டாம். வெயில் கொளுத்துகிற மாதத்தில் ஒருமுறை போங்கள். வீட்டுக்குள் நுழையுமுன் கிணற்றில் ஒரு கல்லைப் போடுங்கள். விற்கிறவரிடம், கோடையில் யாருடைய தண்ணீரைக் குடித்தீர்கள் என்று வெட்கப்படாமல் கேளுங்கள். வேலி அடைப்பதற்கு முதல் நாள், அயல் வீட்டுக்குப் போய், பாசை தெரியாவிட்டாலும் ஒரு தேத்தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள். நமக்கு ஊரில் பழகிப்போன எதுவும் அங்கேயும் அப்படித்தான் இருக்கும் என்று எண்ணாதீர்கள்.

இவ்வளவையும் செய்த பிறகும் ஒரு நாள் வரலாம். கையில் இருக்கிற எல்லாப் பீப்பாயும் வற்றிப்போகலாம். உங்களுக்கு அது தண்ணீராக இருக்காது, வேறு ஏதாவதாக இருக்கும். அப்போது உங்கள் துஆ கூரையைத் தாண்டவில்லை என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. அடக்கிக்கொண்டு இருக்க வேண்டாம் சகோதரிகளே. வாய்விட்டு அழுது கேளுங்கள். அவன் கேட்பான். அதை யாருடைய காதில் போட வேண்டும் என்பதும் அவனுக்குத் தெரியும்.